முதுகில் ஒட்டிய பேய்!

வீடியோ விளையாட்டில் சுவரைத் துளைத்துப் பறக்கும் காமிரா காட்டிய அதிசயங்கள்

அது ஒரு வீடு. வீட்டுக்குள்ளே ஒரு குறுகிய நடை. நடையின் நடுவில் ஒரு திருப்பம். திரும்பிப் போனால் ஒரு கதவு. கதவைத் திறந்து உள்ளே நுழைந்தால், மறுபடியும் அதே நடை!

திறக்கத் திறக்க அதே நடைதான் வருகிறது. விளக்கு மங்குகிறது. எங்கோ குழந்தை அழுகிறது. ரேடியோ தானாகப் பேசுகிறது. முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலத் தோன்றுகிறது. திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை!

இது நிஜ வீடு அல்ல. "பி.டி." என்ற வீடியோ விளையாட்டு. ஜப்பானைச் சேர்ந்த ஹிடியோ கோஜிமா என்பவர் இதை உருவாக்கினார். 2014-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் இது வெளிவந்தது. டெலிவிஷனில் இணைத்து ஆடும் "பிளேஸ்டேஷன் 4" என்ற கருவி வைத்திருந்தவர்களுக்கு இதை இலவசமாகவே கொடுத்தார்கள்.

ஏன் இலவசம்? "சைலன்ட் ஹில்ஸ்" என்ற பெரிய விளையாட்டு வரப்போகிறது என்று காட்டுவதற்கான முன்னோட்டம் இது. சினிமாவுக்கு டிரெயிலர் காட்டுவது போல.

அந்தப் பெரிய விளையாட்டு கடைசி வரை வரவே இல்லை. 2015-ல் அதைக் கைவிட்டுவிட்டார்கள். முன்னோட்டத்தையும் இன்டர்நெட் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். முன்பே வாங்கி வைத்திருந்தவர்களிடம் மட்டும் அது மிஞ்சியது.

லட்சக்கணக்கான பேர் அதை ஆடியிருந்தார்கள். "அந்தப் பேய் எங்கிருந்து வருகிறது? எப்போது வருகிறது?" என்று விவாதம் செய்துகொண்டே இருந்தார்கள். பேய்க்கு லிசா என்று பெயர். அவள் எப்போதாவது ஒரு கணம் தோன்றுவாள். மறைந்துவிடுவாள்.

ஐந்து வருஷம் கழித்து, 2019 செப்டம்பரில், விடை கிடைத்தது!

திரும்பிப் பார்த்தது காமிரா

லான்ஸ் மெக்டொனால்டு என்று ஒருவர். பழைய விளையாட்டுகளைப் பிரித்துப் பார்ப்பதில் கெட்டிக்காரர். "பி.டி."யின் காமிராவை அவர் அவிழ்த்துவிட்டார்.

அவிழ்ப்பதா? ஆம். அந்த விளையாட்டில் கதாநாயகனின் கண் எங்கே போகிறதோ, அங்கேதான் நம் பார்வையும் போகும். கட்டுத்தறியில் கட்டிய மாடு மாதிரி. அந்தக் கயிற்றை அவர் அறுத்தார். கதாநாயகனை நின்ற இடத்திலேயே நிற்க வைத்தார். காமிராவை மட்டும் நகர்த்தி, அவனைத் திரும்பிப் பார்த்தார்.

அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள் லிசா!

டார்ச் விளக்கைக் கையில் எடுத்த கணத்திலிருந்து அவள் அவன் முதுகோடு ஒட்டிக்கொள்கிறாள். அவன் நடந்தால் அவளும் வருகிறாள். அவன் சுழன்று திரும்பினால் அவளும் கூடவே சுழன்று மறுபடி முதுகுக்குப் போய்விடுகிறாள். அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. சில சமயம் சுவரில் ஒரு நிழல் தெரிந்ததே, அது வீண் பிரமை அல்ல. அவளுடைய நிழலேதான்!

"யாரோ நிற்பது போல இருந்தது" என்று சொன்னவர்கள் எல்லாரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

காமிராமேன் யார்?

வீடியோ விளையாட்டில் காமிரா என்று சொன்னாலும், நிஜத்தில் காமிரா எதுவும் கிடையாது. லென்ஸ் இல்லை. பிலிம் இல்லை. "இந்த இடத்திலிருந்து, இந்தத் திசையில் பார்த்தால் என்ன தெரியும்?" என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. கிடைத்த விடையைப் படமாகத் தீட்டுகிறது. ஒரு விநாடியில் முப்பது தடவை, அறுபது தடவை இப்படித் தீட்டுவதால் அது ஓடும் படமாகத் தெரிகிறது. அந்தப் "பார்க்கும் இடம்" இருக்கிறதே, அதற்குத்தான் காமிரா என்று பெயர்.

1996-ல் ஜப்பானின் நின்டென்டோ கம்பெனி "சூப்பர் மாரியோ 64" என்ற விளையாட்டை வெளியிட்டது. அதுவரை மாரியோ பக்கவாட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தான். இதில் நாலா பக்கமும் ஓட ஆரம்பித்தான். காமிராவும் அவனைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஜனங்களுக்கு இது புதிது. குழம்பிப் போவார்களே, என்ன செய்வது?

நின்டென்டோக்காரர்கள் ஒரு நல்ல யுக்தி செய்தார்கள். லகிடு என்ற சின்னப் பாத்திரத்தை மேகத்தின் மேல் உட்கார வைத்து, கையில் தூண்டில் மாதிரி ஒரு குச்சியைக் கொடுத்து, அதன் நுனியில் காமிராவைத் தொங்கவிட்டார்கள். "இவர்தான் படம் பிடிக்கிறார்" என்று ஆரம்பத்திலேயே காட்டிவிட்டார்கள். விளையாட்டில் வரும் அரண்மனையில் நிலைக்கண்ணாடி உள்ள அறை ஒன்று உண்டு. அங்கே போனால் கண்ணாடியில் மாரியோ தெரிவான். அவனுக்குப் பின்னால், மேகத்தில் மிதந்தபடி, காமிராவோடு லகிடுவும் தெரிவார்!

கட்டளைப் பெட்டி

லான்ஸ் மெக்டொனால்டு பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனார். ஆனால் பல விளையாட்டுகளில் சாவியை வாசலிலேயே வைத்திருக்கிறார்கள்.

1996-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில் "ஐடி சாப்ட்வேர்" என்ற கம்பெனி "குவேக்" என்ற துப்பாக்கி விளையாட்டை வெளியிட்டது. அதன் முக்கியமான புரோகிராமர் ஜான் கார்மாக். கம்ப்யூட்டரின் எழுத்துப் பலகையில், மேலே இடது மூலையில் ஒரு சாவி இருக்கிறது. "குவேக்" ஆடும்போது அதை அழுத்தினால், திரையின் மேலிருந்து ஒரு படுதா இறங்கும். நாடகக் கொட்டகையில் இறங்குமே, அது மாதிரி. அந்தப் படுதாவில் எழுத்துக்களைத் தட்டலாம். இதற்குக் "கன்சோல்" என்று பெயர். (டெலிவிஷனில் இணைக்கும் விளையாட்டுக் கருவிக்கும் இதே பெயர்தான். இரண்டும் வேறு.)

"காட்" என்று தட்டினால் குண்டு பட்டாலும் சாக மாட்டீர்கள். "ஃப்ளை" என்று தட்டினால் பறக்கலாம். "நோகிளிப்" என்று தட்டினால் சுவருக்குள் நுழைந்து மறுபக்கம் போகலாம்!

சுவருக்குள் நுழைவது எப்படி? மாயம் ஒன்றும் இல்லை. விளையாட்டில் உள்ள சுவர் கல்லால் கட்டியதல்ல. நீங்கள் ஓர் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம், "அங்கே சுவர் இருக்கிறதா?" என்று புரோகிராம் ஒரு கேள்வி கேட்கிறது. இருந்தால் நிறுத்துகிறது. "நோகிளிப்" என்று தட்டியவுடன், அந்தக் கேள்வியைக் கேட்பதை விட்டுவிடுகிறது. வாயிற்காப்போனை வீட்டுக்கு அனுப்பியது போலத்தான்.

இதெல்லாம் ஆடுகிறவர்களுக்காகச் செய்தது அல்ல. விளையாட்டைச் செய்கிறவர்கள் தங்களுக்காகச் செய்துகொண்டது. ஏழாவது மாடியில் ஒரு கதவு சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு தடவையும் கீழிருந்து எல்லா எதிரிகளோடும் சண்டை போட்டுக்கொண்டா மேலே வர முடியும்? கட்டளை தட்டிப் பறந்து போய்க் கதவைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

இந்தப் பழக்கம் "குவேக்"குக்கும் முந்தியது. ஜப்பானின் கோனாமி கம்பெனியில் கசுகிசா ஹாஷிமோட்டோ என்ற புரோகிராமர் இருந்தார். 1986-ல் "கிரேடியஸ்" என்ற விண்கல விளையாட்டை வீட்டுக் கருவிக்கு ஏற்றபடி மாற்றும் வேலை அவருக்கு வந்தது. விளையாட்டு ரொம்பக் கஷ்டம். செய்தவருக்கே ஜெயிக்க முடியவில்லை! சோதித்துப் பார்க்க வேண்டுமே. ஆகவே தனக்கென்று ஓர் இரகசியப் பூட்டு வைத்துக்கொண்டார். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பிறகு பி, ஏ. இந்த வரிசையில் பொத்தான்களை அழுத்தினால், விண்கலத்துக்கு எல்லா ஆயுதங்களும் வந்துவிடும். தாமே அடிக்கடி அழுத்த வேண்டியது என்பதால், சுலபமாக நினைவில் நிற்கும்படி வைத்தாராம்.

விளையாட்டு விற்பனைக்குப் போனபோது அந்தப் பூட்டும் கூடவே போய்விட்டது. பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். 1988-ல் வந்த "கான்ட்ரா" விளையாட்டில் அதே வரிசையை அழுத்தினால் 30 உயிர்கள் கிடைத்தன. இன்று உலகம் முழுவதும் அதற்குக் "கோனாமி கோடு" என்று பெயர். ஹாஷிமோட்டோ 2020 பிப்ரவரியில் காலமானார். பழைய ஆட்டக்காரர்கள் அந்த வரிசையை எழுதி அஞ்சலி செலுத்தினார்கள்.

முன்புறம் மட்டும்

சரி, சுவரைத் தாண்டிப் போனால் அப்பால் என்ன இருக்கும்?

பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது! சினிமா ஸ்டூடியோவில் போட்ட செட் மாதிரிதான். முன்னாலிருந்து பார்த்தால் அரண்மனை. பின்னால் போய்ப் பார்த்தால் அதுகூட இல்லை. சுவரின் பின்பக்கத்தைக் கம்ப்யூட்டர் வரைவதே கிடையாது. உள்ளேயிருந்து பார்த்தால் கெட்டியான சுவர். வெளியே போய்த் திரும்பிப் பார்த்தால் அதே சுவர் கண்ணுக்குத் தெரியாது. அறைக்குள் நடப்பதெல்லாம் அப்படியே தெரியும்.

"குவேக்" காலத்து விளையாட்டுகளில் இன்னொரு வேடிக்கை. வெட்டவெளியில் வரைவதற்கு எதுவும் இல்லையாதலால், முந்தின படம் திரையில் அழியாமல் அப்படியே நிற்கும். அதன் மேல் அடுத்த படம் விழும். அதன் மேல் இன்னொன்று. பார்க்கத் தலை சுற்றும். இதற்குக் "கண்ணாடி மண்டபம்" என்று பெயர் வைத்தார்கள்.

காமிராவை ஒரு மனிதனின் தலைக்குள்ளே செலுத்தினால் இன்னும் பயங்கரம். தலை வெறும் கூடு. உள்ளே இரண்டு கண் உருண்டைகளும் ஒரு வரிசைப் பல்லும் அந்தரத்தில் மிதக்கும். இரவில் குழந்தைகளுக்குக் காட்டாமல் இருப்பது நல்லது.

ஏன் இப்படி அரைகுறையாகச் செய்கிறார்கள்? சோம்பேறித்தனமா? இல்லை, சிக்கனம். கம்ப்யூட்டருக்கும் சக்திக்கு ஓர் அளவு உண்டு. உங்கள் கண்ணில் படாத மரத்தை வரைந்து என்ன பயன்? நீங்கள் கிழக்கே பார்க்கும்போது மேற்கே உள்ள காட்டைப் பல விளையாட்டுகளில் கம்ப்யூட்டர் வரையாமல் விட்டுவிடும். மேற்கே திரும்பினால் அடுத்த கணமே காட்டை வரைந்து, கிழக்கே உள்ள ஊரை வரைவதை நிறுத்திவிடும். அவ்வளவு வேகம்.

2004-ல் வந்த "ஹாஃப் லைஃப் 2" என்ற விளையாட்டில் ஒரு பெரிய நகரம் வருகிறது. தூரத்தில் கட்டிடங்கள் வானளாவ நிற்கும். அங்கே போய்ப் பார்க்கலாம் என்று "நோகிளிப்" போட்டுப் பறந்து போனவர்கள் கட்டிடங்களைக் காணோம் என்று திகைத்தார்கள். வேறொரு மூலையில், தனியாக, ஒரு பொம்மை நகரம் இருந்தது! நிஜ அளவில் 16-ல் ஒரு பங்கு. கொலுவில் வைத்த ஊர் மாதிரி. அந்தப் பொம்மை நகரத்தைப் பெரிதாக்கிக் காட்டித்தான் தூரத்து நகரம் என்று நம்ப வைத்திருக்கிறார்கள்.

2011-ல் வந்த "ஸ்கைரிம்" விளையாட்டில் கடைக்காரர்கள் பலர் உண்டு. அவர்களிடம் கத்தி வாங்கலாம், கவசம் விற்கலாம். சரக்கை எங்கே வைத்திருக்கிறார்கள்? "டி.சி.எல்." என்று மூன்று எழுத்துத் தட்டிவிட்டுத் தரைக்குக் கீழே போனால் தெரியும். பூமிக்கடியில், இருட்டில், கடைக்காரரின் பெட்டி கிடக்கும்! டான்ஸ்டார் என்ற ஊரில் ஒரு வியாபாரக் கூட்டத்தின் பெட்டியைச் சரியாகப் புதைக்கவில்லை. கட்டளை எதுவும் தட்டாமலே அதைத் திறக்க முடிந்தது. வெகு பேர் திறந்தார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

பையன் கறுப்புப் படுதாவில் ஏதோ ஆங்கில எழுத்துக்களைத் தட்டிக்கொண்டிருந்தால் பதற வேண்டாம். கம்ப்யூட்டர் கெட்டுப்போகாது. விளையாட்டு எப்படிச் செய்யப்பட்டது என்று அவன் உள்ளே எட்டிப் பார்க்கிறான். ரேடியோவைக் கழற்றிப் பார்க்கிற பிள்ளையைப் போலத்தான். திட்டினால் நஷ்டம்.

ஆனால் ஒன்று. விளையாட்டோடு வந்த கட்டளை வேறு. "இதைப் போட்டால் ஜெயிக்கலாம்" என்று முன்பின் தெரியாதவர்கள் இன்டர்நெட்டில் கொடுக்கும் புரோகிராம் வேறு. இரண்டாவது வகையில் வைரஸும் சேர்ந்து வரலாம். கடவுச்சொல்லைத் திருடும் வேலையும் அதில் நடக்கும். அதை வீட்டுக்குள் விடக்கூடாது.

கூடு விட்டுக் கூடு

விக்கிரமாதித்தன் கூடு விட்டுக் கூடு பாய்ந்த கதை தெரியுமல்லவா? "மைன்கிராஃப்ட்" விளையாட்டில் 2014 முதல் அதையும் செய்யலாம். "பார்வையாளர்" என்று ஒரு முறை அதில் உண்டு. உடம்பு இல்லாமல் பறக்கலாம். மலைக்குள் புகுந்து குகைகளைப் பார்க்கலாம். ஒரு பிராணியைத் தொட்டால் அதன் கண்ணுக்குள் போய்விடலாம். சிலந்தியின் கண்ணில் ஒரே காட்சி பலவாகத் தெரியும். "கிரீப்பர்" என்ற பிராணியின் கண்ணில் உலகமே பச்சை. "எண்டர்மேன்" கண்ணில் நிறங்கள் தலைகீழ்.

பறக்கும் காமிரா சினிமாவையும் பிறப்பித்தது. 1996 அக்டோபரில் "ரேஞ்சர்ஸ்" என்ற குழுவினர் "குவேக்" விளையாட்டுக்குள்ளேயே ஒரு குட்டிப் படம் எடுத்தார்கள். "டைரி ஆஃப் எ கேம்பர்" என்று பெயர். இரண்டு நிமிஷங்கூட ஓடாது. கதையும் பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் காமிரா எந்த ஆட்டக்காரரின் கண்ணிலும் இல்லை. தனியே நின்று எல்லாரையும் பார்த்தது. இந்த வகைப் படங்களுக்கு இன்று "மெஷினிமா" என்று பெயர். அந்த வகையில் முதல் படம் என்று இதைச் சொல்கிறார்கள்.

பிறகு கம்பெனிகளே காமிராவைக் கையில் கொடுக்க ஆரம்பித்தன. 2004-ல் வந்த "கிரான் டுரிஸ்மோ 4" கார்ப் பந்தயத்தில் காரை நிறுத்திப் போட்டோ எடுக்கலாம். 2007-ல் வந்த "ஹாலோ 3"யில் ஆடி முடித்த சண்டையை மறுபடி ஓட்டி, காமிராவை இஷ்டப்பட்ட இடத்துக்குப் பறக்கவிட்டுப் பார்க்கலாம்.

"நோகிளிப்" என்ற சொல் விளையாட்டை விட்டே வெளியே வந்துவிட்டது. 2019-ல் இன்டர்நெட்டில் ஒரு கதை பரவியது. மஞ்சள் சுவர், யாரும் இல்லாத அறைகள், முடிவே இல்லை. உலகத்துக்கு வெளியே தவறி "நோகிளிப்" ஆனவர்கள் அங்கே போய்ச் சேருவார்களாம். கூடவே ஒரு போட்டோ. 2022 ஜனவரியில் கேன் பார்சன்ஸ் என்ற 16 வயதுப் பையன் அதைப் படமாக எடுத்து உலகத்தையே நடுங்க வைத்தான். அந்த மஞ்சள் அறை எங்கே இருக்கிறது? 2024-ல் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில் ஆஷ்காஷ் என்ற ஊர். முன்பு மேஜை நாற்காலிக் கடை. பிறகு பொழுதுபோக்குச் சாமான் கடையாக மாற்றினார்கள். வேலை நடந்தபோது, 2002-ல் எடுத்த படம் அது.

37 பேருக்குத் தடை!

தனியாக ஆடும்போது சுவருக்குள் புகுந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. பந்தயத்தில் புகுந்தால்? அது சீட்டாட்டத்தில் எதிராளியின் கையை எட்டிப் பார்ப்பதற்குச் சமம்.

அதனால்தான் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில் இந்தக் கட்டளைகளைப் பூட்டி வைக்கிறார்கள். ஆட்டத்தை நடத்தும் கம்ப்யூட்டர் அனுமதித்தால் ஒழிய "நோகிளிப்" வேலை செய்யாது. ஆனால் பூட்டிலேயே ஓட்டை இருந்தால்?

"கவுன்டர் ஸ்டிரைக்" என்ற துப்பாக்கி விளையாட்டில் பெரிய பெரிய பந்தயங்கள் நடக்கின்றன. பக்கத்துக்கு ஐந்து பேர். பரிசு லட்சக்கணக்கான டாலர். கிரிக்கெட் அணிக்கு இருப்பது போல் ஒவ்வோர் அணிக்கும் ஒரு பயிற்சியாளர் உண்டு. அவர் தம் அணிக்காரர்களின் கண் வழியாக மட்டுமே ஆட்டத்தைப் பார்க்கலாம். எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று அவருக்கும் தெரியக்கூடாது. அதுதான் சட்டம்.

புரோகிராமில் ஒரு கோளாறு இருந்தது. சில சமயம் பயிற்சியாளரின் காமிரா ஆட்டக்காரர்களோடு போகாமல், மைதானத்தின் ஏதோ ஓர் இடத்தில் மாட்டிக்கொள்ளும். எதிரிகள் வரும் பாதையே கண்ணெதிரில் தெரியும்!

நேர்மையான பயிற்சியாளர் என்ன செய்ய வேண்டும்? உடனே அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும். சிலர் சொன்னார்கள். சிலர் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

2020 ஆகஸ்டில் விஷயம் அம்பலமாயிற்று. மூன்று பயிற்சியாளர்கள் முதலில் பிடிபட்டார்கள். விளையாட்டு நேர்மைக் கமிஷன் ஒன்று விசாரணையை ஏற்றது. 2016 முதல் நடந்த ஆட்டங்களைத் தோண்டி எடுத்தார்கள். செப்டம்பர் கடைசியில் 37 பயிற்சியாளர்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. சிலருக்கு மாதக் கணக்கில். சிலருக்கு வருஷக் கணக்கில்.

தடை எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. எத்தனை ஆட்டத்தில், எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதைக் கணக்கிட்டார்கள். தாமாக வந்து ஒப்புக்கொண்டவர்களுக்குக் குறைத்தார்கள். ஒரு கணம் கோளாறு வந்து போனவரையும், ஆட்டம் முழுக்கக் கண்கொட்டாமல் பார்த்தவரையும் ஒரே தராசில் நிறுத்தாதது சரிதான்.

பல வருஷத்துக்கு முந்திய குற்றத்துக்குச் சாட்சி எங்கிருந்து வந்தது? அந்த விளையாட்டில் ஒவ்வோர் ஆட்டமும் பதிவாகிறது. யார் எப்போது சுட்டார், எங்கே நின்றார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பயிற்சியாளரின் காமிரா எந்த இடத்தில் நின்றது, எத்தனை நேரம் நின்றது என்பதும் அதிலேயே பதிவாகியிருந்தது.